ஒரே திரையில் இரண்டு கோளாறு: பத்திர எழுத்தர் ஒருவரின் பழைய மடிக்கணினி – நிகழ்வு ஆய்வு

பின்னணி

இயந்திரம் ஒரு பத்திர எழுத்தருடையது. தாலுகா ஊர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்ச் சாரியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட பத்துக்குப் பத்து அறை. ஒரு மேசை, ஒரு லேசர் பிரிண்டர், ஒரு மடிக்கணினி, தட்டச்சுக்கு ஓர் உதவியாளர்ப் பெண். கிரயம், தானம், விடுதலை, அடமானம் என்று மாதம் நாற்பது ஐம்பது பத்திரங்கள் அந்த ஒரே இயந்திரத்தில்தான் தயாராகின்றன.

மடிக்கணினி 2013-இல் வாங்கியது. 15.6 அங்குலத் திரை, 1366×768 பிக்சல், மூன்றாம் தலைமுறை ஐ3 பிராசஸர், கூடவே வந்த 4 ஜிபி ரேம். 2019-இல் விண்டோஸ் 10 மிகவும் மந்தமாக ஓடுகிறது என்று வேறோர் இடத்தில் இன்னொரு 4 ஜிபி ரேமும் (ஏற்கெனவே எங்கோ ஓடிக் கழற்றியது) ஒரு எஸ்எஸ்டியும் (கோப்புகள் இருக்கும் வேகமான டிஸ்க்) போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஐந்து வருடம் அதை யாரும் திறக்கவில்லை.

தகராறு தொடங்கியது 2024 சித்திரையில். என் பழுதுபார்க்கும் கடைக்கு வந்தது ஆடி முதல் வாரத்தில். இடையில் ஓர் இடத்தில் விண்டோஸை அழித்துப் புதிதாக ஏற்றியிருக்கிறார்கள். ஒரு வாரத்தில் பழையபடி ஆகிவிடவே, “கிராஃபிக்ஸ் சிப் போச்சு, ரீபால் பண்ணணும், நாலாயிரத்து ஐந்நூறு ஆகும், உத்தரவாதம் கிடையாது” என்றிருக்கிறார்கள். ரீபால் என்றால் சிப்பைக் கழற்றி, அடியிலிருக்கும் ஈயக் குண்டுகளைப் புதிதாக வைத்து மறுபடி ஒட்டுவது. இந்த மாடலின் போர்டில் தனி கிராஃபிக்ஸ் சிப்பே கிடையாது. கிராஃபிக்ஸ் பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது. அதற்கென்று தனி நினைவகமும் இல்லை, சாதாரண ரேமிலிருந்துதான் பங்கு எடுத்துக்கொள்கிறது. பின்னால் இதுவே முக்கியமாகப் போகிறது.

ஆடியில் நிலம் பதிகிறவர்கள் குறைவு. ஆவணி பிறந்தால் முகூர்த்த நாட்களில் கூடுதல் டோக்கன் போடுமளவுக்குக் கூட்டம் வரும். அதனால் அவர் சொன்னது ஒன்றுதான்: “தம்பி, ஆவணிக்குள்ள எனக்கு இது வேணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, கடன் வாங்கியாவது புதுசு எடுத்துக்கறேன்.”

முதல் நாள் பார்த்தது

இயந்திரத்தைப் போட்டதும் திரை சரியாகத்தான் இருந்தது. மூடியைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தேன். வெள்ளையாக இருந்த பக்கம் முழுவதும் சட்டென்று நீலப்பச்சையாகிவிட்டது. மயில்கழுத்து நிறம் என்றார் அவர். அதுவே சரியான வார்த்தை. முன்னால் இழுத்தால் வெள்ளை திரும்பியது. அந்த நேரத்தில் வேர்டில் ஒரு பத்திர வரைவு திறந்திருந்தது. எழுத்துப் பிழை என்று காட்டுவதற்காகச் சொற்களின் அடியில் வரும் சிவப்பு வளைகோடு, நிறம் மாறிய கணத்தில் கறுப்பாகிவிட்டது. எழுத்து தெளிவாக இருந்தது, கோடு தெளிவாக இருந்தது, சிவப்பு மட்டும் எங்கும் இல்லை.

மூன்று சோதனைகள் செய்தேன். முதலாவது, விண்டோஸ் வருவதற்கு முன்பே பயாஸ் அமைப்புக்குள் போய்ப் பார்த்தது. அங்கும் மூடியை அசைத்தால் நிறம் மாறியது. ஆகவே விண்டோஸோ, அதில் திரையை இயக்கும் மென்பொருளான டிரைவரோ காரணமில்லை. புதிதாக விண்டோஸ் ஏற்றியது வீண் செலவு. இரண்டாவது, விஜிஏ கேபிள் வழியாகக் கடை மானிட்டரில் இணைத்தது. மடிக்கணினியின் திரை மயில்கழுத்து நிறத்தில் இருக்கும்போதே மானிட்டரில் படம் சுத்தமாக இருந்தது. இரண்டு படமும் போர்டிலிருந்து ஒரே சிப்செட் வழியாகத்தான் வெளியே வருகின்றன. ஆகவே கோளாறு போர்டைத் தாண்டி, திரைக்குப் போகும் கேபிளிலோ, படம் தெரியும் தகடான பேனலிலோ இருக்க வேண்டும். மூன்றாவதாக, திரையின் கீழ்ச் சட்டத்தை விரலால் அழுத்தினேன். நிறம் திரும்பி வந்தது. அதைப் பார்த்து, பேனலுக்குள் இருக்கும் இணைப்புதான் விட்டிருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

அந்த முடிவு தவறு. கீழ்ச் சட்டத்தை அழுத்தினால் பேனல் மட்டும் அசைவதில்லை, அதன் பின்னால் ஒட்டியிருக்கும் கேபிளும் சேர்ந்து அசையும். அந்தச் சோதனையால் இரண்டையும் பிரிக்க முடியாது. பிரித்துவிட்டதாக எடுத்துக்கொண்டேன்.

இன்னொரு தவறும் அன்றைக்கே நடந்தது. புறப்படும்போது அவர், “சில நேரம் சின்னச் சின்னதாக் கட்டம் கட்டமா வரும், உடனே போயிடும். அது பரவாயில்ல தம்பி, கலரு போறதுதான் தொந்தரவு” என்றார். கடை அட்டையில் நான் எழுதியது “நிறம் மாறுகிறது” என்று மட்டும். கட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. என் மேசையில் அன்று அவை வரவும் இல்லை.

முதல் முடிவும் அதன் விளைவும்

திரை வேலை எதுவானாலும் கோப்புகளை முதலில் நகல் எடுப்பது என் வழக்கம். அவருடைய பத்திரக் கோப்புறை 11 ஜிபி, சுமார் 6,300 கோப்புகள். அதே மடிக்கணினியை ஓட்டி, யுஎஸ்பி டிஸ்க்குக்கு நகலெடுத்தேன். பிறகு சென்னை ரிச்சி தெருவிலிருந்து பயன்படுத்திய பேனல் ஒன்றை வரவழைத்தேன். புதுப் பேனலின் விலை இந்த வயது இயந்திரத்துக்குக் கட்டாது.

நான்காம் நாள் பேனலை மாற்றினேன். நிறம் நிலையாக நின்றது. பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துக் கொடுத்து அனுப்பினேன்.

கொடுத்து அனுப்பிய மூன்றாம் நாள் திரும்பி வந்தார். கோபப்படவில்லை. ஒரு கோடு போட்ட நோட்டை மேசையில் வைத்தார். நாள், மணி, அந்த நேரத்தில் என்ன வேலை நடந்தது, திரையில் என்ன தெரிந்தது என்று நான்கு பத்திகளாக, பத்திரம் எழுதுகிறவரின் சுத்தமான கையெழுத்தில் இருந்தது. “காலை 10.20 – மூடியைத் திறந்தபோது – மயில்கழுத்து – சாய்த்ததும் சரி.” “மதியம் 2.45 – ஸ்கேன் படம் சேர்க்கும்போது – கட்டங்கள், மேல் வலது மூலை – ஜன்னலைச் சிறிதாக்கிப் பெரிதாக்கியதும் மறைந்தது.” மொத்தம் பதினான்கு பதிவுகள். நிறம் போனது ஒன்பது தடவை. எல்லாமே மூடியைத் தொட்ட நேரம், காலையா மாலையா என்ற பேதமில்லை. கட்டம் வந்தது ஐந்து தடவை; ஐந்தும் மதியம் ஒன்றரைக்கும் நான்கரைக்கும் இடையில், யாரும் மூடியைத் தொடாதபோது.

அந்த நோட்டைப் படித்த பிறகு இதை ஒரே கோளாறு என்று எந்த மெக்கானிக்கும் சொல்ல முடியாது.

ஸ்க்ரீன்ஷாட் சொன்னது

உதவியாளர்ப் பெண் தன் போனை எடுத்துக் காட்டினார். நிறம் மாறியபோது அவர் மடிக்கணினியிலேயே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, வெளியூரில் இருக்கும் முதலாளியின் மகனுக்கு அனுப்பியிருக்கிறார். “படத்துல நல்லாத்தானக்கா இருக்கு, அப்பாவுக்குக் கண்ணைக் காட்டச் சொல்லுங்க” என்று பதில் வந்திருக்கிறது. வெள்ளைப் பக்கம், சிவப்பு வளைகோடு, எல்லாம் ஒழுங்காக இருந்த படம். அடுத்து இன்னொரு ஸ்க்ரீன்ஷாட், மதியம் எடுத்தது. அதில் மேல் வலது மூலையில், கருப்பும் ஊதாவுமாகச் சிறு கட்டங்கள் ஏழெட்டு, வரிசையாக. அந்தப் படம் அவர் போனிலும் அப்படியேதான் தெரிந்தது.

நான் முதல் நாளே எடுத்திருக்க வேண்டிய இரண்டு படங்கள் இவை. ஸ்க்ரீன்ஷாட் என்பது திரையைப் பிடித்த புகைப்படம் அல்ல. கணினி தன் நினைவகத்தில் வரைந்து வைத்திருக்கும் படத்தின் நகல். அது திரைக்குப் புறப்படும் முன்பே எடுக்கப்படுகிறது. கோளாறு ஸ்க்ரீன்ஷாட்டில் இல்லையென்றால், நினைவகத்தில் படம் நன்றாக இருக்கிறது, வழியிலோ திரையிலோ கெடுகிறது. ஸ்க்ரீன்ஷாட்டிலும் இருந்தால், படம் உள்ளேயே கெட்டுவிட்டது. நிறம் போவது முதல் வகை. கட்டங்கள் இரண்டாம் வகை.

இரண்டாம் வகையில் டிரைவரும் அடக்கம் என்பதால், லினக்ஸ் லைவ் பென்டிரைவ் ஒன்றிலிருந்து இயந்திரத்தை ஏற்றி, மின்விசிறி இல்லாத பின்னறையில் மதியம் முழுக்க ஓடவிட்டேன். மூன்றரை மணிக்கு அங்கேயும் கட்டங்கள் வந்தன. விண்டோஸும் இல்லை, அதன் டிரைவரும் இல்லை.

கேபிள்

பார்க்க எளிதானதை முதலில் முடித்தேன். இந்தத் தலைமுறைத் திரைகளுக்குப் படம் எல்விடிஎஸ் முறையில் போகிறது. முடியளவு மெல்லிய கம்பிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்த நான்கு இணைகள்; மூன்று படத்துக்கு, ஒன்று கடிகாரத் துடிப்புக்கு. ஒவ்வோர் இணையிலும் விநாடிக்குச் சுமார் 50 கோடி பிட்டுகள் (0 அல்லது 1 என்ற இலக்கங்கள்) ஓடுகின்றன. முதல் இணை சிவப்பின் 6 பிட்டுகளையும் பச்சையின் கடைசி ஒரு பிட்டையும் சுமக்கிறது. இரண்டாவது, பச்சையின் மிச்சத்தையும் நீலத்தில் இரண்டையும். மூன்றாவது, நீலத்தின் மிச்சத்தோடு வரி எங்கே தொடங்குகிறது என்ற குறிகளையும் கொண்டுபோகிறது. மூன்றாவது இணையோ கடிகார இணையோ விட்டால் படமே நிற்காது. முதல் இணை மட்டும் விட்டால் சிவப்பு மட்டும் போகும்: வெள்ளை மயில்கழுத்து ஆகும், சிவப்பு கறுப்பாகும். பச்சையில் ஒரு பிட் குறைவது கண்ணுக்குத் தெரியாது.

முதல் நாள் வேர்டில் அந்த வளைகோடு கறுப்பானதைப் பார்த்தபோதே இதை நான் எண்ணியிருக்க வேண்டும். பேனலுக்குள் கோளாறு என்றால் பெரும்பாலும் நெட்டுக்கோடுகளாகவோ ஒரு பட்டையாகவோ வரும். திரை முழுவதும் ஒரே சீராக ஒரு நிறம் மட்டும் போய்த் திரும்புவது கேபிள் பேசுகிற பேச்சு.

சட்டத்தைக் கழற்றி, கேபிளை இடது ஹிஞ்ச் (மூடியின் கீல்) வரை பிரித்தேன். ஹிஞ்சைச் சுற்றி வளைகிற இடத்தில் கருப்புத் துணி டேப் தேய்ந்து, உள்ளே வெள்ளித் தாள் உறை கிழிந்திருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒரு கம்பியின் தோல் போய்ச் செம்பு பளிச்சென்று தெரிந்தது. மல்ட்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, பேனல் பக்கத்து இணைப்பியின் 8, 9-ஆம் பின்களைப் பிடித்துக்கொண்டு கேபிளை மெதுவாக மடித்தேன். 9-ஆம் பின்னில் பீப் ஒலி நின்றது. விட்டதும் வந்தது. இந்த 40 பின் இணைப்பியில் முதல் இணை அந்த இரண்டு பின்களில்தான் வருகிறது.

பேனலை மாற்றியதும் முதலில் நிறம் நிலையாக நின்றதற்கும் காரணம் புரிந்தது. கேபிளைப் பிடுங்கிச் செருகி, புது டேப் ஒட்டியதில் அறுந்த முனைகள் தற்காலிகமாகச் சேர்ந்து நின்றிருக்கின்றன.

கேபிள் ஏன் அறுந்தது என்பதும் அங்கேயே இருந்தது. இடது ஹிஞ்சில் கிரீஸ் காய்ந்து இறுகிப்போயிருந்தது. மூடியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஹிஞ்சைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் குமிழ் இழுபட்டு, விரிசல் விட்டு, ஹிஞ்ச் ஒரு மில்லிமீட்டர் எழும்பியிருந்தது. எழும்பிய உலோக விளிம்பு கேபிளை உரசியிருக்கிறது. கேபிளை மட்டும் மாற்றியிருந்தால் ஒரு வருடத்தில் மறுபடி இதே கதை. அதனால் ஹிஞ்ச் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தி, பழைய கிரீஸைத் துடைத்துப் புதிது வைத்து, குமிழை எபாக்ஸி பசையில் உட்காரவைத்து ஒரு நாள் காயவிட்டேன். புதுக் கேபிள் 550 ரூபாய். அவருடைய பழைய பேனலையே திரும்ப மாட்டினேன். அதில் ஒரு குறையும் இருந்திருக்கவில்லை.

ரேம்

கட்டங்களுக்கு வருவோம். கிராஃபிக்ஸ் தன் படத்தை ரேமில்தான் வரைகிறது என்பதால் ரேமைச் சந்தேகித்தேன். ரேமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86 பிளஸ்ஸைப் பென்டிரைவில் ஏற்றிக் காலையில் ஓடவிட்டேன். 8 ஜிபிக்கு ஒரு சுற்று ஒன்றே கால் மணி நேரம் ஆனது. இரண்டு சுற்றிலும் பிழை 0. அங்கே நிறுத்தியிருந்தால் ரேம் நல்லது என்று எழுதியிருப்பேன். நோட்டில் “மதியம்” என்று இருந்ததால் நிறுத்தவில்லை. இயந்திரத்தைப் பின்னறைக்குக் கொண்டுபோனேன். இரண்டே கால் மணிக்கு நான்காம் சுற்றில் சிவப்பு வரி விழுந்தது. அரை மணி நேரத்தில் பதினேழு பிழைகள். எல்லாவற்றிலும் பிழைப் பிட் ஒன்றே: 00000004.

இரண்டு ரேமும் இரட்டைச் சேனலில் ஓடும்போது கணினி இரண்டிலும் மாறி மாறி எழுதும். முகவரியைப் பார்த்து இந்த ரேம்தான் என்று சொல்ல முடியாது. தனித்தனியே போட்டுத்தான் பார்க்க வேண்டும். 2013-இல் வந்த ரேமை மட்டும் வைத்து இரவு முழுக்கவும் மறுநாள் மதியமும் ஓட்டினேன், பிழை இல்லை. 2019-இல் சேர்த்ததை மட்டும் அதே சிலாட்டில் போட்டேன். மதியம் நாற்பது நிமிடத்தில் பிழை வந்தது. அழிரப்பரால் தங்க முனைகளைத் தேய்த்து, ஐபிஏ (துடைக்கும் ஆல்கஹால்) போட்டுத் துடைத்து மறுபடி பார்த்தேன். அப்படியே. சூடேறினால் ஒரு பிட் 1-இலேயே ஒட்டிக்கொள்கிற ரேம்.

அந்த இடத்தில் படம் இருந்தால் திரையில் ஒரு கட்டம் தெரியும், ஜன்னலை அசைத்தால் புதிதாக வரைந்து மறையும். அவ்வளவுதான் சேதம். ஆனால் அதே இடத்தில் விண்டோஸ் படத்தை வைக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. நாளைக்கு அங்கே ஒரு பத்திரத்தின் எழுத்து உட்காரலாம். கணினிக்குள் 3 என்ற இலக்கத்துக்கும் 7 என்ற இலக்கத்துக்கும் இருக்கும் வித்தியாசம் ஒரே ஒரு பிட். அதுவும் மெம்டெஸ்ட் காட்டிய அதே பிட். சர்வே எண் 143, 147 ஆகும். 1-ஆக இருந்தால் 5 ஆகும். எந்த எச்சரிக்கையும் வராது.

இதை அவரிடம் சொன்னபோது சற்று நேரம் பேசவில்லை. “அதைத்தான தம்பி நான் பரவாயில்லன்னு சொன்னேன்” என்றார்.

நகல்களை ஒப்பிட்டது

எனக்கு வேறொரு கவலை. முதல் நாள் 11 ஜிபியை நகலெடுத்தது இதே ரேமின் வழியாக. எஸ்எஸ்டியைக் கழற்றிக் கடைக் கணினியில் இணைத்து, புதிதாக ஒரு நகல் எடுத்தேன். இரண்டு நகல்களுக்கும் ஒவ்வொரு கோப்பாக ஹாஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) கணக்கிட்டு ஒப்பிட்டேன். 6,300-இல் மூன்று பொருந்தவில்லை. இரண்டு, ஸ்கேன் செய்த அடையாள அட்டைப் படங்கள். ஒன்று, வேர்டின் டாக்எக்ஸ் கோப்பு. முதல் நகலில் அது “கோப்பு சிதைந்துள்ளது” என்று திறக்க மறுத்தது, எஸ்எஸ்டியில் இருந்த மூலம் சரியாகத் திறந்தது.

டாக்எக்ஸ் திறக்க மறுத்தது ஒருவகையில் நல்லது. அது சுருக்கிய கோப்பு. உள்ளே சரிபார்ப்பு எண் இருப்பதால் ஒரு பிட் மாறினாலும் காட்டிக்கொடுத்துவிடும். அவருடைய பழைய மாதிரிப் படிவங்களில் பெரும்பாலானவை 2007-க்கு முந்தைய டாக் வடிவத்தில் இருந்தன. அதில் இத்தகைய சரிபார்ப்பு இல்லை. பேசாமல் தவறான எண்ணோடு திறக்கும்.

முதல் நகலை முழுவதும் அழித்தேன். எஸ்எஸ்டியில் இருக்கும் மூலக் கோப்புகளும் இதே ரேம் வழியாகத்தான் சேமிக்கப்பட்டவை என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவற்றை ஹாஷ் வைத்துச் சோதிக்க வழியில்லை. அச்சிட்ட காகிதத்தோடு மனிதர் ஒப்பிடுவது ஒன்றே வழி.

அதை அவர்கள் செய்தார்கள். சித்திரையிலிருந்து எழுதிய பத்திரங்களின் அலுவலக நகல்களை எடுத்து, நான்கு மாலை உட்கார்ந்தார்கள். இரண்டாம் மாலை நான் அங்கே போயிருந்தேன். உதவியாளர்ப் பெண் திரையைப் பார்த்துச் சொத்து விவரத்தை உரக்கப் படித்தார்: “சர்வே எண் இருநூற்றுப் பதினாலு உட்பிரிவு மூணு ஏ… கிழமேல் ஜாதியடி வடபுறம் முப்பத்தாறு, தென்புறம் முப்பத்தாறு…” அவர் காகிதத்தில் ஒவ்வொரு எண்ணின் மேலும் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். நான்கெல்லையில் ஒரு தப்புக் கண்டுபிடித்தார்கள். காகிதத்திலும் அதே தப்பு இருந்தது, எனவே அது விரலின் பிழை. ரேமால் மாறியது என்று சொல்லத்தக்க எதுவும் பதிவான பத்திரங்களில் இல்லை.

விளைவு

பழுதான ரேமை எடுத்துவிட்டு, சோதித்த இன்னொரு 4 ஜிபி ரேம் போட்டேன், 600 ரூபாய். கூலி 800. கேபிளோடு சேர்த்து 1,950 ரூபாய் வாங்கினேன். பேனலுக்கு வாங்கவில்லை, அது என் தவறு, கடையில் உதிரியாகக் கிடக்கிறது.

இந்த முறை பத்து நிமிடச் சோதனையோடு அனுப்பவில்லை. மூடியை நூறு தடவை திறந்து மூடினேன், நடுநடுவே ஏழெட்டுக் கோணங்களில் நிறுத்தி வெள்ளைப் பக்கத்தையும் சிவப்புக் கோட்டையும் பார்த்தேன். இரண்டு மதியம் பின்னறையில் மெம்டெஸ்ட். பிறகு அவரிடமே கொடுத்து, நோட்டைத் தொடரச் சொன்னேன். ஆடி முடிவதற்குள் இயந்திரம் மேசைக்குத் திரும்பியது. ஆவணி முழுக்க நோட்டில் ஒரு பதிவும் இல்லை.

புதிது வாங்குவதா என்ற கேள்வியை அப்போதும் பேசினோம். மூன்றாம் தலைமுறைப் பிராசஸர் விண்டோஸ் 11-க்குத் தகுதியற்றது. விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-உடன் நிற்கப்போவது அப்போதே தெரியும். பதிவுத்துறை இணையதளத்தில் நுழைந்து வேலை செய்கிற இயந்திரத்துக்கு அது முக்கியம். ஆகவே 1,950 ரூபாய்க்கு ஒரு வருட அவகாசம் வாங்குகிறோம், நிரந்தரத் தீர்வு அல்ல என்று தெளிவாகச் சொல்லியே வேலையில் இறங்கினேன். கடன் வாங்காமல் ஒரு வருடம் சேர்த்து வைத்து வாங்கலாம் என்பது அவருக்குச் சரியாகப் பட்டது.

மாற்றிக்கொண்டவை

எனக்கு இதில் மிகவும் உறுத்துவது பேனல் செலவு அல்ல. சந்தேகத்துக்குரிய இயந்திரத்தை ஓட்டியே அதன் கோப்புகளை நகலெடுத்ததுதான். அந்த நகலை நம்பி எஸ்எஸ்டியை அழித்திருந்தால் மூன்று கோப்புகள் போயிருக்கும். அதில் ஒன்று யாருடைய வீட்டுப் பத்திரம் என்று எனக்குத் தெரியும். இப்போது திரைக் கோளாறு என்று எது வந்தாலும், டிஸ்க்கைக் கழற்றிக் கடைக் கணினியில் போட்டே நகல் எடுக்கிறேன். கழற்ற முடியாத மாடல் என்றால் முதலில் மெம்டெஸ்ட், பிறகு நகல், அதற்குப் பிறகு ஹாஷ் ஒப்பீடு.

கடை அட்டையில் வாடிக்கையாளர் சொல்வதைச் சுருக்கி எழுதுவதை விட்டுவிட்டேன். அவர் வாயிலிருந்து வருகிற வார்த்தையை அப்படியே எழுதுகிறேன், “பரவாயில்ல” என்று தள்ளுவதையும் சேர்த்து. கோளாறு தெரியும் நேரத்தில் ஒரு ஸ்க்ரீன்ஷாட்டும் போனில் ஒரு புகைப்படமும் எடுத்து வரச் சொல்கிறேன். இரண்டையும் அருகருகே வைத்தால் பாதி வேலை முடிந்துவிடுகிறது. கோளாறு எப்போது வருகிறது என்று வாடிக்கையாளரால் சொல்ல முடியாவிட்டால், பொருளைக் கையில் வாங்காமல் நோட்டு ஒன்றைக் கொடுத்து அனுப்பவும் செய்திருக்கிறேன். இதற்குச் சிலர் முகம் சுளிக்கிறார்கள். பேனலை அழுத்திப் பார்க்கும் சோதனையை நான் இப்போது எதற்கும் ஆதாரமாக எடுப்பதில்லை.

சூடு இன்னொன்று. கடை மேசையில் மின்விசிறிக்கு அடியில் ஓடும் இயந்திரமும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் மதியம் ஓடும் இயந்திரமும் ஒன்றல்ல. கோளாறு எங்கே வந்ததோ அந்த இடத்தின் சூட்டில் சோதிக்காத ரேமுக்கு நல்லது என்று சான்று கொடுக்கக் கூடாது என்று என்னிடம் வேலை பார்க்கும் பையனுக்கும் சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்போதைய நிலை

2025 ஐப்பசியில் அவர் புது மடிக்கணினி வாங்கினார். இணையதள வேலை எல்லாம் அதில். பழையதை வைஃபையை நிறுத்திவிட்டு உதவியாளர்ப் பெண் வரைவு தட்டச்சுக்கு வைத்திருக்கிறார். அச்சுக்குப் போகும் முன் சொத்து விவரத்தை ஒருவர் படிக்க இன்னொருவர் பார்ப்பது அந்த நான்கு மாலைகளுக்குப் பிறகு அங்கே நின்றுவிடவில்லை. புது இயந்திரத்தில் கோப்புகளை ஏற்றிக் கொடுக்கப் போனபோது, பழையதில் மதிய வெயிலில் இரண்டு சுற்று மெம்டெஸ்ட் ஓட்டிப் பார்த்தேன். பிழை 0. தேதியையும் நேரத்தையும் அவரே நோட்டில் எழுதிக்கொண்டார்.